கதிரைக்குச் சரியாகப் பொருந்தியவர்

போன வாரம் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் வைத்தியசாலையின் சிறுநீரக கிளினிக்கில் நான் செய்த மருந்தாளர் வேலையை இப்போது செய்பவள். முசலி ஊர்ப் பிள்ளை. நிதானமானவள், தேவையில்லாமல் அழைக்கமாட்டாள்.

"அக்கா, புது ஊசி ஒண்டு வரப்போகுது. கிழமைக்கு ஒருக்காப் போடுறது. டொக்டர் அந்த ஆய்வுக் கட்டுரையைத் தந்து வாசிக்கச் சொன்னவ. வாசிச்சன்."

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அக்கா. அதுதான் பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போனது. ரிஸ்னா தொடர்ந்தாள். "ஜெசிந்தா அன்ரியின்ர கதையை இங்க ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம். நீங்கள் கூட நிண்டனீங்கள்தானே. எழுதித் தாங்கோ."

அதற்காகத்தான் எழுதுகிறேன். ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. முதுகெலும்பில் செய்த சத்திரசிகிச்சைகள் சரிவரவில்லை. நாள் முழுவதும் நின்று மருந்து கொடுக்கும் வேலைக்கு இனி ஏலாது என்று மருத்துவச் சபை எழுதிவிட்டது. மன்னாரில் என் வீட்டில், கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதுவதுதான் என் பழக்கம். இதில் வரிசை சில இடங்களில் குலையும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் மருந்தாண்மை படித்தேன், பரீட்சைகள் எழுதினேன், ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைகளை வாசிக்கத் தெரியும் என்ற நினைப்போடு ஊருக்குத் திரும்பி வந்தேன். அந்த நினைப்பு டொக்டர் வதனியின் முதல் வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது.

டொக்டர் வதனி சிறுநீரக நிபுணர். வேறு ஊரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிளினிக்குக்கு வருவார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நானும் கிளினிக் தாதி ஸ்டெல்லா மிஸ்ஸியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

கிளினிக் முடிந்து ஆட்கள் போன பிறகு, புதிய மருந்து எதையாவது தொடங்குவதாக இருந்தால், மூவரும் அதன் கட்டுரையை வாசிப்போம். முடிவுப் பகுதியை முதலில் வாசிக்க டொக்டர் விடமாட்டார். "அது விளம்பரம் மாதிரி. பிறகு பாப்பம்" என்பார். முதலில் யாரை ஆய்வுக்குள் எடுத்தார்கள், யாரை வெளியே விட்டார்கள். அடுத்தது, ஆய்வு தொடங்குமுன் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாதவர்களை முன்கூட்டியே கழித்துவிட்டார்களா. பிறகு இடையில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவரின் சிறுநீரகம் தப்பும். கடைசியாகத் தீங்குகளின் அட்டவணை. அதை ஒரு வரிகூட விடாமல் வாசிக்கவேண்டும்.

வாசிக்கும்போது எதிரே, உட்கார ஆளில்லாத ஒரு வெறும் கதிரை இருக்கும். டொக்டர் அதைக் காட்டி, "இதில எங்கட ஆள் ஒருத்தரை இருத்துங்கோ" என்பார். கிளினிக்குக்கு வரும் ஒருவரின் பெயரை நாங்கள் சொல்லவேண்டும். "இவரை அந்த ஆய்வுக்குள்ள விட்டிருப்பாங்களோ?"

பெரும்பாலும் விட்டிருக்கமாட்டார்கள். சிலருக்கு வயது கூட. சிலருக்கு இரத்த அழுத்தம் குறைவு. மாதாமாதம் இரத்தம் எடுக்க வரமுடியாத தூரத்தில் இருந்தார்கள் சிலர்.

"அங்க ஆளுக்கொரு தாதி இருந்து போன் எடுத்து விசாரிக்கிறா" என்று ஸ்டெல்லா மிஸ்ஸி ஒருமுறை கட்டுரையைத் தட்டிக் காட்டினார். "இங்க ஒரு மிஸ்ஸிக்கு ஒரு மண்டபம் ஆக்கள். அதையும் அட்டவணையில போடச் சொல்லுங்கோ டொக்டர்."

"அதுதான் மிஸ்ஸி முதல் அட்டவணை" என்றார் டொக்டர். அவர் பகிடி விடவில்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒரு புதிய குளிசை வந்தது. சீனியைச் சிறுநீரோடு வெளியே விடும் மாத்திரை அது. நீரிழிவு என்னும் சீனி வருத்தத்துக்கென்று செய்தது, பிறகு பெரிய ஆய்வுகளில் சிறுநீரகம் பழுதாகும் வேகத்தையும் குறைப்பதாகத் தெரிந்தது. எங்களிடம் இருந்தவை பழைய மருந்துகள்தான். அவற்றால் முடியாதபோது இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம். அதற்கும் வெளியூர் போகவேண்டும். நல்ல முடிவுகளோடு ஒரு குளிசை வந்ததும் மூவரும் அன்றைக்கே கட்டுரையோடு உட்கார்ந்தோம்.

பெரியமடுவில் தோட்டக்கூலி வேலை செய்யும் ராமையாவைக் கதிரையில் இருத்திப் பார்த்தோம். மலையகத்திலிருந்து பெற்றோரோடு வந்து குடியேறியவர். அவருக்குச் சீனி வருத்தம் இல்லை, சிறுநீரில் புரதமும் போகவில்லை. ஆனாலும் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டு வந்தது, காரணம் தெரியாது. நாங்கள் வாசித்த ஆய்வில் அவருக்கு இடமில்லை. ஆகவே அந்தக் குளிசை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

"எனக்கு மட்டும் ஏங்க அந்த மாத்திரை இல்லை?" என்று அவர் டொக்டரிடமே கேட்டார்.

"உங்களுக்கு நல்லதா கெட்டதா எண்டு தெரியாது ஐயா. உங்களை மாதிரி ஆக்களை வைச்சு அவங்கள் பாக்கேல்லை."

"அப்ப யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க. நான் வரேன்."

டொக்டர் அவருடைய பெயரைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஜெசிந்தாக்கா அந்தக் கதிரைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தினார். பேசாலையில் கருவாடு போடுபவர், ஐம்பதைத் தாண்டியவர். சீனி வருத்தம் உண்டு, இன்சுலின் போடுகிறார். சிறுநீரில் புரதம் போகிறது, சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. ஒரு கிளினிக்கைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆய்வின் எல்லா நிபந்தனைகளையும் வரிசையாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். அப்படி ஒரு ஆள் கிடைப்பது எங்களுக்கு அபூர்வம்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய தமையன் கிழமைதோறும் பஸ்ஸில் வெளியூர் போய் அந்த இயந்திரத்தில் படுத்து வந்தவர். ஒருநாள் திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது. "என்ன வேணுமெண்டாலும் தாங்கோ பிள்ளை, அந்த மெசினில மட்டும் என்னைக் கொண்டுபோய்ப் போட்டிடாதேங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

குளிசையைக் கையில் கொடுத்து விளங்கப்படுத்தினேன். இது முதன்மையாகச் சிறுநீரகத்துக்கு. தினமும் காலையில் ஒன்று. வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குக் குடிக்கவேண்டாம், சுகமாகிச் சாப்பிடத் தொடங்கிய பிறகு குடிக்கலாம். நோன்பு தொடங்குமுன் முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆட்களிடம் இன்னொன்றும் சொல்வோம்: நோன்பு பிடிக்க யோசித்தால் வந்து எங்களோடு கதையுங்கள். நோன்பு பற்றிக் கேட்கும்படி வழிகாட்டிக் குறிப்புகளில் இருந்தது. பேசாலையின் கத்தோலிக்க ஆட்களிடம் கேட்கும்படி எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. ஜெசிந்தாக்காவிடம் யாரும் கேட்கவுமில்லை.

"மூத்திரத்தில சீனி போகுமாமே பிள்ளை" என்றார் அவர். "வளவுக்குள்ள இனி எறும்பு பிடிக்கும், நீ கடற்கரைப் பக்கம் போ எண்டு மனுசன் பகிடி விடுறார்."

பக்கத்தில் நின்ற கணவர் அந்தோனி அண்ணர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதங்கள் போயின. புரதம் குறைந்தது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வேலைசெய்யும் அளவு கீழே போகாமல் நின்றது. டொக்டர் வதனி அந்தத் தாளை இரண்டுமுறை பார்த்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அபூர்வம், அன்றைக்குச் சிரித்தார். ஜெசிந்தாக்காவும் சிரித்தார். அந்தச் சந்தோசத்தில் அவர் என்ன நேர்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் நடந்து போவார்கள். அந்த வெய்யில் எப்படிப்பட்டது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் ஒரு மத்தியானம், வாட்டுக்குப் புதிதாக வந்த நோயாளிகள் என்னென்ன மருந்து குடிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அது என் அன்றாட வேலை. பெண்கள் வாட்டின் ஓரக் கட்டிலில் ஜெசிந்தாக்கா படுத்திருந்தார். காலில் செருப்பு வெட்டிய காயம். மூச்சு ஆழமாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. படுத்த இடத்திலும் நடந்துகொண்டிருப்பவர்போல் இருந்தது அது.

"ஒரே சத்தி, வாந்தி" என்றார் அந்தோனி அண்ணர். "நேற்றுத் தொடங்கினது. நடக்கிற ஆக்கள்தான் வான் வண்டியில ஏத்திவிட்டவை."

வாட்டில் நின்ற இளம் டொக்டர் கெட்டிக்காரர். சரியானதைத்தான் செய்திருந்தார். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. "சீனி நல்லா இருக்கு. வெய்யிலும் நடையும்தான். தண்ணி ஏறினா எழும்பிடுவா" என்றார்.

கட்டிலோடு இருந்த பையை எடுத்து மருந்துகளைப் பார்த்தேன். ஜெபமாலையோடு சேர்த்துச் சுற்றியபடி குளிசை அட்டை இருந்தது. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"காலமை."

"இண்டைக்கோ? சத்தி எடுத்துக்கொண்டோ?"

"சத்தியோட வெளியில போயிடுமெண்டு பிறகு இன்னுமொண்டு குடிச்சனான்."

"சாப்பாடு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தோனி அண்ணர்தான் சொன்னார். "ஒருசந்தி. தண்ணியும் தேத்தண்ணியும் மட்டும். கிட்னி நிண்டதுக்கு நேர்ந்தவ. வீட்டில இருந்து வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் வாயில ஒண்டும் வைக்கேல்லை."

"இன்சுலின்?"

"சாப்பிடாட்டிச் சீனி விழுந்திடுமெல்லோ. அதை நிப்பாட்டினவ."

ஜெசிந்தாக்கா கண் திறவாமலே சொன்னார். "சீனிக்குரியதை நிப்பாட்டினன் பிள்ளை. கிட்னிக்குரியதை நிப்பாட்டேல்லை. ஒருநாளும் விடேல்லை."

சாப்பாடும் இன்சுலினும் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் வரும் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். வழக்கமாக அந்த நிலையில் சீனி எகிறி நிற்கும், எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் குளிசை குடித்தவருக்குச் சீனி சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பரிசோதனைக் கருவி நல்ல எண்ணைக் காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார். தீங்குகளின் அட்டவணையில் அது ஒரு வரி. நானே உரக்க வாசித்த வரி.

வாட்டு நடைபாதையில் நின்று டொக்டர் வதனியை அழைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"சீனியை மறவுங்கோ" என்றார், மிக மெதுவாக. "சிறுநீரில கீட்டோன் பாருங்கோ. இப்பவே. நான் லைனில நிக்கிறன்."

ஸ்டெல்லா மிஸ்ஸி கிளினிக்கிலிருந்து சோதனைக் கீற்றோடு ஓடிவந்தார். சிறுநீரில் நனைத்ததும் நிறம் மாறத் தொடங்கியது. போத்தலில் ஒட்டியிருந்த அட்டையின் கடைசிக் கட்டம் கத்தரிப்பூ நிறம். அதையும் தாண்டிக் கறுத்தது.

டொக்டர் வதனி இளம் டொக்டரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார். இளம் டொக்டர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "சீனி சரியா இருக்கிற ஆளுக்கு இன்சுலின் போடச் சொல்றீங்களோ டொக்டர்? அதோட குளுக்கோசும் ஏத்தவோ? ரெண்டையுமோ?"

இரண்டையும்தான். அமிலத்தை நிறுத்த இன்சுலின் வேண்டும், இன்சுலினைத் தாங்கக் குளுக்கோஸ் வேண்டும். கேட்கிற எவருக்கும் தலைகீழாகத் தெரியும் சிகிச்சை அது. அதற்குள் இன்னொரு பயமும் இருந்தது. இன்சுலின் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், அதிகம் இறங்கினால் இதயம் நிற்கும். பொட்டாசியம் கொடுத்தால், பழுதான சிறுநீரகம் அதை வெளியே விடாது. அப்போதும் இதயம் நிற்கும். ஆகவே கொஞ்சம் கொடுத்து, இரத்தம் எடுத்து, ஆய்வுகூடத்துக்கு ஓடி, முடிவு வரும்வரை இதய மின்பதிவுக் கருவியின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மறுபடி முதலில் இருந்து. இரத்தக் குப்பியை நானே தூக்கிக்கொண்டு போனேன். முதுகு வலித்ததா என்று எனக்கு நினைவில்லை.

ஒருமுறை ஜெசிந்தாக்கா என் கையைப் பிடித்தார். "மெசினோ?"

"இல்லை அக்கா. மெசின் இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ."

"பொய் இல்லை." அந்த நேரத்தில் எனக்கே தெரியாது.

வெயில் சாயும்போது மூச்சு மெல்ல அடங்கியது. ஸ்டெல்லா மிஸ்ஸி வாட்டுக் கதிரையில் இருந்து அழுதார். அந்தோனி அண்ணர் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தார்.

ஜெசிந்தாக்கா தப்பினார். சிறுநீரகம் அடிபட்டு, கொஞ்சம் எழும்பி, பழைய இடத்துக்குக் கீழே நின்றுவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை டொக்டர் வந்ததும் ஸ்டெல்லா மிஸ்ஸி அந்தக் குளிசைப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். "போதும் டொக்டர். எல்லாருக்கும் நிப்பாட்டுவம்."

எனக்கும் அதே எண்ணம்தான். இடைப்பட்ட நாட்களில் அந்தக் குளிசையை எடுத்துக்கொடுத்தபோதெல்லாம் அந்தக் கீற்றின் நிறம்தான் கண்ணில் வந்தது.

டொக்டர் பழைய கட்டுரையைத் திரும்ப எடுக்கச் சொன்னார். தீங்குகளின் அட்டவணையைத் திறந்தோம். அந்த வரி அங்கேயே இருந்தது, நாங்கள் முன்பு வாசித்த அதே சிறிய எண்ணோடு.

"ஜெசிந்தா இந்த வரியில இருக்கிறா" என்றார். "இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவங்கள் எங்களுக்குப் பொய் சொல்லேல்லை."

"அப்ப இன்னும் ஆக்கள் வருவினம்தானே" என்றார் மிஸ்ஸி.

"வருவினம். இந்தக் குளிசையால மெசினுக்குப் போகாம நிண்ட ஆள் எங்க இருக்கிறார் எண்டு காட்டுங்கோ மிஸ்ஸி."

மிஸ்ஸி பெட்டியைப் பார்த்தார்.

"காட்டேலாது. அவர் வாட்டுக்கு வரமாட்டார். தனக்கு நடக்காமல் போனது என்னெண்டு அவருக்கே தெரியாது. பெட்டியை நிப்பாட்டினா அவர் வருவார். அப்பவும் எங்களால எண்டு தெரியாது." குரல் இன்னும் தணிந்தது. "எனக்கும் பயம்தான். அண்டைக்குத் தொடங்கி நித்திரை இல்லை. பயத்தில நிப்பாட்டினா எனக்கு நித்திரை வரும். அவைக்கு என்ன வரும்?"

பெட்டி அலுமாரிக்குள் திரும்பிப் போனது. நாங்கள் கேட்கும் கேள்விதான் மாறியது. அன்றிலிருந்து மருந்து கொடுக்கும் யன்னலில் எல்லோரிடமும் கேட்டோம்: வருகிற மாதம் சாப்பிடாமல் இருக்கப்போகிறீர்களா? நோன்பு, ஒருசந்தி, விரதம், நேர்த்தி, என்ன பெயரிலாவது? பதில்கள் என்னைத் திடுக்கிட வைத்தன. இத்தனை நாளும் எத்தனை பேர் பட்டினியோடு இந்தக் குளிசையைக் குடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடலுக்குப் போனால் திரும்பும்வரை தேத்தண்ணி மட்டும்தான் என்றார் ஒருவர். மாமியாரோடு கோபமென்றால் சாப்பிடமாட்டேன், அதுவும் கணக்கா என்றார் இன்னொருவர். அதுவும் கணக்குத்தான் என்று சொன்னேன்.

மிச்சம் இருந்தது ஜெசிந்தாக்காவின் கேள்வி. காயம் ஆறி கிளினிக்குக்கு வந்தவர் டொக்டருக்கு முன்னால் இருந்ததும் கேட்டார்.

"குளிசையைத் தாங்கோ. இனி நேரமாட்டன். மாதாவிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"இல்லை ஜெசிந்தா. உங்களுக்கு இனி அது வேண்டாம்."

"அது குடிச்சுத்தானே கிட்னி நிண்டது? தாள் காட்டினீங்கள்தானே?"

"ஓம். நிண்டது. ஆனா இப்பிடி வந்த ஆளுக்குத் திருப்பிக் குடுத்துப் பாத்த ஆய்வு ஒண்டும் என்னட்டை இல்லை. குடுத்தா நல்லா இருக்கலாம். அடுத்தமுறை நாங்கள் பிந்தலாம். எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அண்ணன்ர பக்கத்தில பஸ்ஸில இருந்தவள் நான்."

டொக்டர் கொடுக்கவில்லை. ஜெசிந்தாக்கா எழுந்து என் யன்னலுக்கு வந்து, மற்ற மருந்துகளை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அது இல்லை என்று உறுதியானபின் போனார். அதன்பின் என்னோடு பகிடி பேசவில்லை.

நான் வேலையைவிட்டு வந்த பிறகு, சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பார்சல். "கருவாடு. உங்களுக்கு. எனக்கு உப்புத் தடையெல்லோ" என்று கட்டில் காலடியில் வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, இடது சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே புதிய தழும்பு. இயந்திரத்தில் இணைப்பதற்காக இரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

"இன்னும் தொடங்கேல்லை. ஆயத்தமா இருக்கட்டாம்" என்றார். "கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தேன். தோலுக்குக் கீழே இரத்தம் அதிர்ந்து ஓடியது. படகு இயந்திரத்தின்மேல் கை வைத்ததுபோல் இருந்தது.

"அந்தக் குளிசையைத் திருப்பித் தந்திருந்தா இது வந்திருக்காதோ பிள்ளை?"

எல்லாவற்றையும் வரிசையாக யோசித்துப் பார்த்தேன். திரும்பக் கொடுத்திருந்தால் சிறுநீரகம் இன்னும் சில வருடங்கள் நின்றிருக்கலாம். மறுபடி அமிலம் ஏறி, இந்தக் கதிரையில் இருக்க ஆளே இல்லாமல் போயிருக்கலாம். எந்தக் கட்டுரையிலும் அதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

"தெரியாது அக்கா."

"உங்கள் எல்லாருக்கும் அந்தச் சொல்லு நல்லாப் பழகிப்போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ரிஸ்னா, கட்டுரை நன்றாக இருப்பதால் பயமாக இருக்கிறது என்றாய். கதிரையில் யாரை இருத்தினாய் என்று நீ சொல்லவில்லை. அவருக்குச் சரியாகப் பொருந்துகிறதென்றால் அவர் எந்தெந்த நாள் சாப்பிடமாட்டார் என்று கேள். பிறகு மருந்தைக் கொடு. பயம் போகாது. எனக்குப் போகவில்லை.

அன்றைக்கு அந்தத் தழும்பிலிருந்து நான் கையை எடுக்கப் போனேன். ஜெசிந்தாக்கா தன் மற்றக் கையை என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எடுக்காதேங்கோ. கொஞ்சம் வைச்சிருங்கோ. தனிய இருந்து இதைத் தொட எனக்குப் பயம்."